ஆலை கைமாறும்போது தொழிலாளர் நிலை: தளேகாவ் தரும் பாடம்

மகாராஷ்டிர மாநிலம் புனே மாவட்டத்தின் மாவள் வட்டத்தில், மும்பையையும் புனேயையும் இணைக்கும் பழைய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள ஊர் தளேகாவ். இந்தியத் தொழில் வரலாற்றில் இவ்வூருக்குப் பழமையான ஓர் இடம் உண்டு. சுதேசி இயக்கம் வலுப்பெற்றிருந்த காலத்தில், 1908-ஆம் ஆண்டில், இங்கு ஒரு கண்ணாடித் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. பொதுமக்களிடமிருந்து ஆளுக்கு ஒரு பைசா வீதம் திரட்டப்பட்ட ‘பைசா நிதி’யே அதன் மூலதனம். அத்தொழிற்சாலையில் கண்ணாடிப் பொருள்கள் செய்யப்பட்டதோடு, கண்ணாடித் தொழிலும் கற்பிக்கப்பட்டது. அங்குப் பயின்றோர் பிற இடங்களில் எழுந்த கண்ணாடி ஆலைகளுக்குச் சென்று பணிபுரிந்தனர். ஆலை ஓரிடத்தில் இருந்தது. திறமையோ தொழிலாளியுடன் ஊர் ஊராகச் சென்றது.

சரியாக நூறாண்டுகளுக்குப் பின், 2008 செப்டம்பரில், அதே தளேகாவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் இயங்கிய பின் அது உற்பத்தியை நிறுத்தியது. நிலமும் கட்டடமும் இயந்திரமும் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறின. அங்கு வேலை செய்தோரின் நிலை என்ன என்ற வினா பல ஆண்டுகள் நீடித்தது. வேலையிழக்கும் தொழிலாளருக்குச் சமுதாயம் எவ்வகையில் கடமைப்பட்டுள்ளது என்னும் விவாதத்தைத் தெளிவாக ஆராய்வதற்கு இந்நிகழ்ச்சி ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

நிகழ்ந்தது என்ன?

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இந்தியாவில் இரண்டு கார் தொழிற்சாலைகளை நடத்தி வந்தது. ஒன்று குஜராத்திலுள்ள ஹாலோல், மற்றொன்று தளேகாவ். விற்பனை எதிர்பார்த்த அளவுக்கு வளராத நிலையில், ஹாலோல் ஆலை 2017-இல் மூடப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில், இந்தியச் சந்தையில் கார் விற்பதை ஆண்டு முடிவோடு நிறுத்திவிடப் போவதாக நிறுவனம் அறிவித்தது. தளேகாவ் ஆலை ஏற்றுமதிக்காக மட்டும் தொடர்ந்து இயங்கியது. மெக்சிகோ முதலிய நாடுகளுக்கு இங்கிருந்து கார்கள் சென்றன.

2020 ஜனவரியில் இவ்வாலையைச் சீனாவின் கிரேட் வால் மோட்டார்ஸ் நிறுவனத்திற்கு விற்க உடன்பாடு ஏற்பட்டது. ஆனால் அவ்வாண்டு ஏப்ரலில், இந்தியாவுடன் நில எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் நாடுகளிலிருந்து வரும் முதலீட்டிற்கு மத்திய அரசின் முன் அனுமதி கட்டாயமாக்கப்பட்டது. ஜூன் மாதத்தில் கல்வான் பள்ளத்தாக்கில் மோதல் நிகழ்ந்தது. அனுமதி கிட்டவில்லை. 2020 டிசம்பரில் தளேகாவில் உற்பத்தி நின்றது. 2021 ஏப்ரலில் 1,419 தொழிலாளர்கள் ‘லே-ஆஃப்’ செய்யப்பட்டனர். ஆலையை மூட அனுமதி கோரும் மனு, அதற்குத் தொழிற்சங்கம் தெரிவித்த எதிர்ப்பு, வழக்கு என விவகாரம் நீண்டது. 2022-இன் நடுவில் சீன நிறுவனத்துடனான உடன்பாடு காலாவதியாயிற்று.

2023 ஆகஸ்டில் ஹூண்டாய் நிறுவனத்துடன் விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 2024 ஜனவரியில் சொத்து கைமாறியது. இருங்காட்டுக்கோட்டையில் பல்லாண்டுகளாகக் கார் உற்பத்தி செய்துவரும் அந்நிறுவனத்திற்கு, தமிழ்நாட்டுக்கு வெளியே இந்தியாவில் அமைந்த முதல் கார் தொழிற்சாலை தளேகாவே. 2025-இல் அங்குக் கார் உற்பத்தி மீண்டும் தொடங்கியது.

ஆலையைப் பொறுத்தவரை இது நன்மையில் முடிந்த கதை. மூடிக் கிடந்த தொழிற்கூடம் மீண்டும் இயங்குகிறது. மாநிலத்திற்கு முதலீடும் கிடைத்தது. ஆனால் இயந்திரம் ஐந்தாண்டு காத்திருக்கலாம். குடும்பம் காத்திருக்க இயலாது. இருபத்திரண்டு வயதில், தொழிற்பயிற்சி நிலையத்துச் சான்றிதழுடன் 2008-இல் ஆலையில் சேர்ந்த ஒருவருக்கு, உற்பத்தி நின்றபோது முப்பத்து நான்கு வயது. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் உச்சத்தில் இருக்கும் பருவம் அது. புதிதாகத் தொழில் கற்க வருபவராக அவரை எந்த ஆலையும் ஏற்பதில்லை. ஓய்வு பெறும் வயதும் அவருக்கு ஆகவில்லை.

சட்டம் அளிக்கும் பாதுகாப்பு

இந்நிகழ்ச்சிகள் நடந்த காலத்தில் நடைமுறையில் இருந்தது 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம். அதில் மூன்று நிலைகள் தெளிவாகப் பிரித்துக் கூறப்பட்டுள்ளன. இவற்றை மாணவர்கள் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளலாகாது.

முதலாவது ‘லே-ஆஃப்’. மூலப்பொருள் இல்லாமை, இயந்திரப் பழுது போன்ற காரணங்களால் வேலை கொடுக்க இயலாத நிலை இது. தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் நீடிக்கும். அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி ஆகியவற்றின் கூட்டுத் தொகையில் பாதி அவருக்கு இழப்பீடாகக் கிடைக்கும். இரண்டாவது ஆட்குறைப்பு. உரிய முன்னறிவிப்புடன், நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாக வழங்கப்பட வேண்டும். மூன்றாவது ஆலை மூடல். இதற்கும் 15 நாள் என்னும் கணக்கே பொருந்தும்.

பெரிய ஆலைகளுக்கு இவற்றோடு அரசின் முன் அனுமதியும் தேவை. 1976-இல் இச்சட்டத்தில் சேர்க்கப்பட்ட தனி அத்தியாயம், 300 தொழிலாளருக்குக் குறையாத ஆலைகளுக்கு இதனைக் கட்டாயமாக்கியது. பின்னர் அவ்வரம்பு 100 ஆகக் குறைக்கப்பட்டது. மூடல் பற்றிய பிரிவை 1978-இல் எக்செல் வேர் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என அறிவித்தது. திருத்தப்பட்ட பிரிவின்படி, மூடுவதற்கு 90 நாள்களுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். 60 நாள்களுக்குள் அரசு முடிவு தெரிவிக்காவிடில் அனுமதி அளிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். ஆட்குறைப்புக்கு அனுமதி தேவை என்னும் பிரிவு, மதுரை மீனாட்சி மில்ஸ் தொடர்பான வழக்கில் 1992-இல் உச்ச நீதிமன்றத்தால் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், அனுமதி வரம்பை மீண்டும் 300 ஆக உயர்த்தியது. இந்த எண்ணைப் பற்றியே பொதுவாக அதிக வாதம் நடைபெறுகிறது. தளேகாவைப் பொறுத்தவரை அவ்வாதம் பயனற்றது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பணிபுரிந்த ஆலை அது. வரம்பு 100 ஆயினும் 300 ஆயினும் அனுமதி தேவைப்பட்டிருக்கும்.

அனுமதி முறையின் உண்மையான வரம்பு வேறிடத்தில் உள்ளது. ஆலையை மூடக் கூடாது என்று அரசு கூற முடியும். ஆனால் காருக்குச் சந்தையை உண்டாக்கவோ, வெளியேற முடிவு செய்த முதலாளியைத் தொடர்ந்து முதலீடு செய்ய வைக்கவோ அரசால் இயலாது. இதன் விளைவாக, வேலை இருக்கிறது என்றும் கூற முடியாத, போய்விட்டது என்றும் கூற முடியாத ஓர் இடைநிலை உருவாகிறது. இந்நிலையில் இழப்பீட்டை ஏற்று வெளியேறினால் வேலைக்கான உரிமை போய்விடும் என்ற அச்சம் தொழிலாளிக்கு. வேறு நிரந்தர வேலை தேடினாலும் அதே அச்சம். சட்டம் காத்தது வேலையின் பெயரை. கரைந்து போனது தொழிலாளியின் காலம்.

இழப்பீடு எத்தனை மாதங்களுக்குப் போதும்?

பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பணிபுரிந்த ஒருவருக்குச் சட்டப்படி கிடைக்க வேண்டிய குறைந்த அளவு இழப்பீட்டைக் கணக்கிடலாம். 15 நாள் வீதம் 12 ஆண்டுகளுக்கு 180 நாள். அதாவது ஆறு மாதச் சம்பளம். இதனோடு பணிக்கொடை உண்டு. மாதத்திற்கு 26 வேலை நாள் என்னும் கணக்கில் 15 நாள் சம்பளம் வழங்கப்படுவதால், அது ஏறத்தாழ ஏழு மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் ஆகும். இரண்டும் சேர்ந்து ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட வருமானத்திற்கு ஈடாகலாம். வருங்கால வைப்பு நிதி இதில் சேராது. அது முதுமைக்காகச் சேர்த்த பணம். இளமையிலேயே அதனை எடுத்துச் செலவழிப்பது நாளைய வறுமையை இன்றே விலைக்கு வாங்குவதாகும்.

நடைமுறையில், பெரிய நிறுவனங்கள் வெளியேறும்போது பேச்சுவார்த்தையின் வாயிலாக இதைவிடக் கூடுதலான தொகை கிடைப்பதுண்டு. சென்னையை அடுத்த மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை 2022-இல் உற்பத்தியை நிறுத்தியபோது, சட்டம் கூறும் 15 நாளைப் போலப் பல மடங்கு இழப்பீட்டை அடிப்படையாகக் கொண்டே பேச்சு நடந்தது. எனினும் இத்தகைய கூடுதல் தொகை சங்கத்தின் வலிமையையும் நிறுவனத்தின் பண வசதியையும் பொறுத்தது. உதிரி பாகங்கள் செய்து கொடுத்த சிறு பட்டறைகளின் தொழிலாளருக்கும், ஒப்பந்தக்காரர் வழியாக வேலைக்கு வந்தவருக்கும் அது எட்டுவதில்லை. பெரிய ஆலையின் வாயில் மூடப்படும்போது அவர்களது வேலையும் போகிறது. ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை.

காப்பீட்டில் உள்ள இடைவெளி

வேலையில்லாமை, முதுமை, நோய், உடல் ஊனம் ஆகிய நிலைகளில் பொது உதவி பெறும் உரிமையை, தனது பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு உறுதி செய்ய அரசு முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 41-ஆம் பிரிவு கூறுகிறது. இந்நோக்கில் தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகம் சில திட்டங்களை மேற்கொண்டது. 2005 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ராஜீவ் காந்தி தொழிலாளர் நலத் திட்டம், ஆலை மூடல், ஆட்குறைப்பு ஆகியவற்றால் வேலையிழந்த காப்பீட்டாளருக்கு உதவித்தொகையும் மருத்துவ வசதியும் அளிக்க வழி செய்தது. 2018 ஜூலையில் தொடங்கிய அடல் காப்பீட்டாளர் நலத் திட்டம், வாழ்நாளில் ஒருமுறை 90 நாள்கள் வரை உதவி அளித்தது. முதலில் சராசரி ஊதியத்தில் 25 சதவீதமாக இருந்த இவ்வுதவி, 2020-இல் 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது.

இவை பயனுள்ள தொடக்கங்கள். ஆனால் இக்கழகத்தின் காப்பீட்டிற்கு ஊதிய வரம்பு உண்டு. 2017 ஜனவரியில் அது மாதம் ரூ.21,000 என நிர்ணயிக்கப்பட்டது. கார் ஆலையின் நிரந்தரத் தொழிலாளர் சில ஆண்டுகளிலேயே இவ்வரம்பைத் தாண்டிவிடுகின்றனர். வரம்பைத் தாண்டியவருக்கு வேலையின்மைக் காப்பீடு என்பதே இல்லை. வரம்புக்குள் உள்ள ஒப்பந்தத் தொழிலாளிக்கோ, தாம் ஆலை மூடலால் வேலையிழந்தவர் என்பதை நிரூபிப்பதே கடினம். அவருடைய ஒப்பந்தம் ‘முடிந்துவிட்டது’ என்றே ஏட்டில் பதிவாகிறது. இவ்வாறு, ஒரே வாயில் வழியே வெளியேறும் இரு தொழிலாளரில் ஒருவர் வருமானம் மிகுந்தவர் என்பதாலும் மற்றவர் சான்று இல்லாதவர் என்பதாலும் காப்பீட்டுக்கு வெளியே நிற்கின்றனர்.

முன்னைய முயற்சிகள்

வேலையிழந்தோருக்கென நாட்டில் தனி நிதிகள் முன்னரும் ஏற்படுத்தப்பட்டன. 1986-இல் நெசவாலைத் தொழிலாளர் மறுவாழ்வு நிதித் திட்டம் தொடங்கப்பட்டது. நிரந்தரமாக மூடப்பட்ட தனியார் நெசவாலைகளின் தொழிலாளருக்கு, முதலாண்டில் ஊதியத்தில் 75 சதவீதம், இரண்டாமாண்டில் 50 சதவீதம், மூன்றாமாண்டில் 25 சதவீதம் என உதவி வழங்க அது வகை செய்தது. படிப்படியாகக் குறையும் இம்முறை சிந்தித்து வகுக்கப்பட்டது. உடனடித் துயரைத் துடைக்கும். புதிய வேலை தேடும் ஊக்கத்தையும் குறைக்காது. ஆனால் ஆலை முறைப்படி மூடப்பட்டால்தான் உதவி கிடைக்கும். மூடப்பட்டதாக அறிவிக்கப்படாமலே முடங்கிக் கிடந்த ஆலைகளின் தொழிலாளருக்கு அது உதவவில்லை.

பொருளாதாரச் சீர்திருத்தத்தை ஒட்டி 1992 பிப்ரவரியில் தேசியப் புதுப்பிப்பு நிதி அமைக்கப்பட்டது. மறுபயிற்சி, மறுவேலைவாய்ப்பு ஆகியவை அதன் அறிவிக்கப்பட்ட நோக்கங்கள். ஆயினும் செலவின் மிகப் பெரும் பகுதி பொதுத்துறை நிறுவனங்களின் விருப்ப ஓய்வுத் தொகைக்கே சென்றது. 2000-இல் அந்நிதி கைவிடப்பட்டது. தொகையை வழங்குவது அலுவலகத்திற்கு எளிது. ஒருவரை மற்றொரு வேலையில் அமர்த்துவதற்கு நீண்ட உழைப்பு தேவை. பணம் எளிய வழியையே நாடிச் செல்லும் என்பது இந்நிதி கற்பித்த பாடம்.

2025-இல் நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டத்தில் மறுதிறன் நிதி ஒன்று இடம்பெற்றுள்ளது. ஆட்குறைப்புக்கு உள்ளாகும் ஒவ்வொரு தொழிலாளிக்காகவும், அவர் கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் 15 நாள் தொகையை முதலாளி செலுத்த வேண்டும். அது 45 நாள்களுக்குள் தொழிலாளியின் கணக்கில் சேர வேண்டும். கொள்கை அளவில் இது வரவேற்கத்தக்கது. ஆனால் அரை மாதச் சம்பளம், பயிற்சிக் கட்டணத்திற்கும் பயிற்சிக் காலத்தில் வீட்டுச் செலவிற்கும் சேர்ந்து போதுமானதன்று.

ஒரே நிறுவனம், மூன்று நாடுகள்

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் வேறு நாடுகளிலும் ஆலைகளை மூடியுள்ளது. நிறுவனம் ஒன்றே, ஆனால் அரசுகளின் ஏற்பாடு வேறு. ஆகவே ஒப்பீடு பயனுள்ளதாகிறது.

அதன் துணை நிறுவனமாக அப்போது இருந்த ஓப்பல், ஜெர்மனியின் போகும் நகரிலிருந்த கார் ஆலையை 2014 டிசம்பரில் மூடியது. இம்முடிவு ஈராண்டுகளுக்கு முன்னரே அறிவிக்கப்பட்டது. ஜெர்மனியில் ‘இடமாற்று நிறுவனம்’ என்னும் ஏற்பாடு உண்டு. வேலையிழக்கும் தொழிலாளி வேலையில்லாதவராகப் பதிவாகாமல், இடைக்காலத்தில் இந்நிறுவனத்தின் பணியாளராகிறார். இழந்த நிகர ஊதியத்தில் 60 சதவீதம், குழந்தை உள்ளவருக்கு 67 சதவீதம், பொது வேலைவாய்ப்பு அமைப்பிலிருந்து ஓராண்டு வரை கிடைக்கும். அக்காலத்தில் பயிற்சியும் வேலை தேடும் உதவியும் அளிக்கப்படுகின்றன. ஆலை நிலத்தை மறுபயனுக்குக் கொண்டுவர, நகராட்சியும் ஓப்பலும் கூட்டாக ஒரு நிறுவனம் அமைத்தன.

ஆஸ்திரேலியாவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஹோல்டன் நிறுவனம், அடிலெய்டு நகரை அடுத்த எலிசபெத் ஆலையை 2017 அக்டோபரில் மூடியது. மூடல் பற்றிய அறிவிப்பு 2013 டிசம்பரிலேயே வெளியாயிற்று. அதாவது ஏறத்தாழ நான்கு ஆண்டு அவகாசம். உற்பத்தி நடந்துகொண்டிருந்த காலத்திலேயே ஆலைக்குள் ஒரு மாற்றப்பணி மையம் செயல்பட்டது. வேலையிலிருந்தபடியே தொழிலாளர் அடுத்த வேலைக்குத் தயாராக முடிந்தது.

இவ்விரு நாடுகளிலும் அனைவருக்கும் முன்போன்ற வேலை கிடைத்துவிட்டது என்று கருதலாகாது. குறைந்த ஊதியத்திலும், நிலையற்ற பணியிலும் சேர்ந்தோர் அங்கும் உண்டு. எனினும் ஒரு வேறுபாடு குறிப்பிடத்தக்கது. அங்கு ஆலை மூடப்படும் நாளுக்கு முன்பே உதவி தொடங்கிவிட்டது. தளேகாவில் 2017 முதலே உள்நாட்டு விற்பனை நின்றிருந்தது. 2020 ஜனவரியில் விற்பனை உடன்பாடும் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. காலம் இல்லாமல் போகவில்லை. அக்காலத்தைப் பயன்படுத்தும் கடமை எந்த அலுவலகத்தின் மேசையிலும் இல்லை.

சானந்த் காட்டும் வழி

ஜெர்மனியைப் போலப் பணவசதி நமக்கில்லை என்ற எதிர்வாதம் எழக்கூடும். அதற்கு விடை நம் நாட்டிலேயே உள்ளது. குஜராத் மாநிலம் சானந்தில் இருந்த ஃபோர்டு கார் ஆலையை டாட்டா குழுமத்தின் மின்வாகன நிறுவனம் வாங்கியது. 2022 மே மாதத்தில் இரு நிறுவனங்களும் குஜராத் அரசும் முத்தரப்பு உடன்பாடு செய்துகொண்டன. ஆகஸ்டில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் நிலம், கட்டடம், இயந்திரம் ஆகியவற்றோடு, கார் உற்பத்தியில் பணியாற்றிய தகுதியுள்ள அனைத்துப் பணியாளரும் சேர்க்கப்பட்டிருந்தனர். 2023 ஜனவரியில் ஆலை கைமாறியது.

தளேகாவில் கைமாறியவை நிலம், கட்டடம், குறிப்பிட்ட சில இயந்திரங்கள், உற்பத்திக் கருவிகள் ஆகியவை. புதிய உரிமையாளரிடம் தங்களுக்கும் வேலை வேண்டும் என்பது பழைய தொழிலாளரின் கோரிக்கையாக இருந்தது. சட்டத்தின் வேறுபாடு இங்குதான் கூர்மையாகிறது. ஒரு தொழில் இயங்கும் நிலையிலேயே வேறொருவருக்கு மாற்றப்படும்போது, தொழிலாளரின் பணித் தொடர்ச்சி பற்றிய வினா எழுகிறது. தொழில் நின்றபின் சொத்து மட்டும் விற்கப்பட்டால், வாங்குபவருக்கும் பழைய தொழிலாளருக்கும் சட்டப்படி எவ்வுறவும் இல்லை. ஆட்குறைப்புக்கு உள்ளானவருக்கு மீண்டும் ஆள் எடுக்கும்போது முன்னுரிமை என்னும் விதியும் பழைய முதலாளியையே கட்டுப்படுத்தும், புதியவரை அன்று.

தமிழ்நாட்டிற்கும் இது புதிதன்று. ஸ்ரீபெரும்புதூரில் 2014 நவம்பரில் மூடப்பட்ட நோக்கியா ஆலையைப் பின்னர் சால்காம்ப் நிறுவனம் வாங்கியது. ஆலைக்கு மறுவாழ்வு கிடைத்தது. பழைய தொழிலாளர் பலரும் அதற்குள் விருப்ப ஓய்வுத் தொகை பெற்றுக் கலைந்து போயிருந்தனர்.

விவாதத்தின் இரு பக்கங்கள்

சொத்தை வாங்கும் நிறுவனத்தின் மீது பழைய தொழிலாளரைச் சுமத்தினால், மூடிய ஆலையை வாங்க எவரும் முன்வரமாட்டார் என்பது ஒரு தரப்பின் வாதம். புதிய காருக்குப் புதிய தொழில்நுட்பம் தேவை. ஊதிய விகிதம் வேறு. வாங்குபவரின் விருப்பத்திற்கு இடமிருக்க வேண்டும் என்பர் அவர்கள். இவ்வாதத்தில் உண்மை உண்டு. தளேகாவ் ஆலை விற்கப்படாமலே துருப்பிடித்திருந்தால் எவருக்கும் வேலை கிடைத்திராது.

ஆலைக்கு நிலம் அளித்ததும், சாலையும் நீரும் மின்சாரமும் தந்ததும், வரிச் சலுகை வழங்கியதும் பொதுமக்களின் அரசே. ஆகவே அந்த ஆலையின் விற்பனை இருவருக்கிடையிலான தனி வணிகம் அன்று என்பது மறு தரப்பின் வாதம். பல்லாண்டுப் பயிற்சியால் உருவான திறமையை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, புதியவரைப் பயிற்றுவிக்க மீண்டும் பொதுப்பணத்தைச் செலவிடுவது சிக்கனமன்று என்றும் அவர்கள் கூறுவர். இதிலும் உண்மை உண்டு.

எல்லோருக்கும் அடிப்படை வருமானம் வழங்கிவிட்டால் இச்சிக்கல் தீரும் எனக் கருதுவோரும் உளர். 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை இக்கருத்தை விரிவாக ஆராய்ந்தது. பசியைத் தடுக்க அது உதவலாம். ஆனால் எல்லோருக்கும் அளிக்கக்கூடிய தொகை, திறன்மிக்க தொழிலாளி இழந்த ஊதியத்தின் சிறு பகுதியாகவே இருக்கும். அவருடைய திறமைக்கு அதனால் வேலை கிடைப்பதில்லை.

இவ்வாதங்களைச் சீர்தூக்கிப் பார்க்கும்போது ஒரு முடிவு தெளிவாகிறது. பாதுகாப்பு ஆலையின் வாயிலோடு கட்டப்பட்டிருக்கும் வரை, வாயில் மூடியதும் அதுவும் முடங்கும். அது தொழிலாளியோடு செல்ல வேண்டும்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, ஆலை விற்பனைக்கு அரசின் அனுமதியோ சலுகையோ கோரப்படும்போது, சொத்துப் பட்டியலோடு ஆள் பட்டியலும் இணைக்கப்பட வேண்டும். அனைவரையும் ஏற்கக் கட்டாயப்படுத்த வேண்டுவதில்லை. ஆனால் புதிதாக ஆள் எடுக்கும்போது, தகுதித் தேர்வுக்கு உட்பட்டுப் பழைய தொழிலாளரை முதலில் அழைப்பதைச் சலுகையின் நிபந்தனையாக்கலாம். சானந்தில் உடன்பாட்டின் மூலம் இதைவிடக் கூடுதலாகவே சாத்தியமாயிற்று.

இரண்டாவதாக, ஊதிய வரம்பு எதுவாயினும், வேலையின்மைக் காப்பீடு அதைத் தாண்டியவர்க்கும் நீள வேண்டும். உயர் ஊதியம் பெறுவோர் தம் பங்கைச் செலுத்தத் தயங்கமாட்டார். உதவித்தொகைக்கு உச்ச அளவு விதித்தால் நிதிச்சுமையும் அடங்கும். நெசவாலைத் திட்டத்தில் இருந்ததுபோல் ஆண்டுக்காண்டு குறையும் முறை இதற்கு ஏற்றது.

மூன்றாவதாக, மூடல் முறைப்படி அறிவிக்கப்படும் வரை காத்திராமல், குறிப்பிட்ட மாதங்கள் உற்பத்தி நின்றாலே உதவி தொடங்க வேண்டும். அந்த உதவியைப் பெறுவதோ, இடைக்காலத்தில் வேறு வேலை செய்வதோ, பழைய ஆலையின் மீதுள்ள உரிமைக் கோரிக்கையைப் பாதிக்காது என்றும் விதி இருக்க வேண்டும்.

நான்காவதாக, ஒப்பந்தத் தொழிலாளரின் வருகைப் பதிவு முதன்மை ஆலையிலேயே பாதுகாக்கப்பட வேண்டும். எந்த ஆலையில் எத்தனை நாள் பணிபுரிந்தார் என்னும் சான்று அவர் கைக்கு வந்தால்தான் வேறெந்த உரிமையும் பொருள் பெறும்.

ஐந்தாவதாக, வேலையில் இருக்கும்போதே திறமைக்குச் சான்று வழங்கப்பட வேண்டும். பற்றவைப்பிலும் வண்ணப்பூச்சிலும் இயந்திர மனிதக் கருவிகளைப் பராமரிப்பதிலும் பத்தாண்டு அனுபவம் பெற்றவரிடம், தொழிற்பயிற்சி நிலையம் அளித்த பழைய சான்றிதழ் மட்டுமே இருப்பது வழக்கம். வேலையின்போது கற்றதைச் சோதித்துச் சான்றளிக்கும் முறை தேசியத் திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் ஏற்கெனவே உண்டு. அதனை ஆலைக்குள்ளேயே, மூடல் பற்றிய செய்தி வரும் முன்பே நடத்தலாம்.

இவற்றுள் எதற்கும் புதிய தத்துவம் தேவையில்லை. காப்பீட்டுக் கழகம் இருக்கிறது; பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன; வேலைவாய்ப்பு அலுவலகங்களும் இருக்கின்றன. ஆலை மூடப்படப் போகிறது என்ற முதற்செய்தி வரும்போதே இம்மூன்றையும் ஒரே இடத்தில் கூட்டும் பொறுப்பு, மாவட்ட அளவில் ஓர் அதிகாரிக்கு அளிக்கப்பட வேண்டும். தளேகாவில் இழக்கப்பட்ட ஆண்டுகள் திரும்ப வரமாட்டா. அடுத்து மூடப்படும் ஆலையில் அவை இழக்கப்படாமல் காப்பது இயலும்.

தளேகாவின் பழைய கண்ணாடித் தொழிற்சாலையில் பயின்றவர், தாம் கற்ற தொழிலைத் தம்முடன் எடுத்துச் சென்றார். நாட்டு மக்களின் ஒவ்வொரு பைசாவும் அதற்குத் துணை நின்றது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே ஊரில் கார் செய்யக் கற்றவருக்கும் அத்தகைய துணையைச் சமுதாயம் அளிப்பது பொருத்தமானதே.